நீல விளக்கு

பதினொரு சதவீதத்தில் காப்பி நின்றுபோயிருந்தது. "ரைட் எரர். டிஸ்கில் எழுத முடியவில்லை" என்று லேப்டாப் திரை நடுவில் ஒரு கட்டம். அதற்குக் கீழே "சரி" என்று ஒரு பட்டன். எது சரி? என்ன சரி? நோட்டீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நோட்டீஸ் என்பது தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. இயந்திரத்துக்கு இயந்திரம், கதவுக்குக் கதவு அவர் எழுதிய நோட்டீஸ்தான். வீட்டையும் மனுஷர் விட்டுவைக்கவில்லை. குழாய்க்கு மேலே, "சொட்டுகிறதா, பார்." செருப்பு அலமாரியில், "ஜோடியைப் பிரிக்காதே." அறைக் கதவுகளில், "ஆளில்லா அறைக்கு மின்சாரம் எதற்கு?" மூட்டுவலி வைத்தியத்துக்காகப் போன மாதம் வந்து தங்கிய மாமனாரிடமும் முதல் நாளே ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டியிருந்தார். மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமனார் பாவம், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

இன்றைக்கு விஷயமே வேறு. மகள் ஒரு வருஷமாகக் கையால் வரைந்த ஒன்பது நிமிஷ அனிமேஷன் படம் நேற்றுத்தான் முடிந்தது. கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் படத்தையும், அதற்காக வரைந்த ஆறாயிரத்துச் சொச்சம் படங்களையும் ஹார்ட் டிஸ்கில் போட்டு மாலை ஐந்து மணிக்குள் கவுன்ட்டரில் கொடுத்தாக வேண்டும். மகள் காலையிலேயே நுழைவுத் தேர்வுக்குப் போய்விட்டாள்.

"காப்பி பண்ணி எடுத்துட்டு வாங்க, அது போதும்ப்பா," என்று வாசலில் நின்று சொன்னாள். "வேற எதுவும் பண்ணாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவருக்குச் சுருக்கென்றது. ஒரு டிஸ்கைக் காப்பி செய்யத் தெரியாதவனா நான்? அதற்காகவே லீவு போட்டு உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தார் என்பது சும்மா பேச்சுக்கு. ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் அவரால் உட்கார முடியாது. முதல் தடவை காப்பி நின்றபோது டீ போடப் போயிருந்தார். டீயும் கையுமாகத் திரும்பிவந்து, வாசலோர சுவிட்சைத் தட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தால் ரைட் எரர்.

கேபிள்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். பிரின்டரின் கேபிளைப் பிடுங்கி, சுவர்ப் பிளக்கில் மின்சாரம் வாங்கும் அந்தப் பழைய பெரிய டிஸ்கில் மாட்டினார். டிஸ்கின் நீல விளக்கு மினுக்கியது. காப்பி ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்று குளிக்கப் போனார். ஈரத் தலையோடு வந்து சுவிட்சைத் தட்டினார். முப்பத்தொரு சதவீதத்தில் எரர்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டார். லேப்டாப் இருந்த அறை முன்பு சாமான் போட்டுவைத்த அறை. ஜன்னல் கிடையாது, போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. பால்கனியில் நின்றுதான் பேச வேண்டும். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டிஸ்கை அழித்து ஃபார்மேட் செய்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னார். உள்ளே முக்கியமானது ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார்.

இருந்தது. பதினோரு வருஷ நோட்டீஸ்கள் இருந்தன. எழுத்தின் அளவு, நிறம், ஒட்டிய தேதி எல்லாம் சேர்த்து முந்நூற்று நாற்பது நோட்டீஸ்கள், வேறெங்கும் பிரதி இல்லாமல். ஓய்வு பெற்றதும் புத்தகமாகப் போடுவதாக உத்தேசம்.

மகளுடைய ஒரு வருஷத்தை நினைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அழித்தார்.

டிஸ்க் காலியானது. மூன்றாவது காப்பி ஜோராகக் கிளம்பியது. கடைக்காரருக்கு நன்றி சொல்லப் பால்கனிக்குப் போனார். திரும்பிவந்தால் நாற்பத்தாறில் எரர்.

மறுபடி பால்கனி. இந்தத் தடவை கடைக்காரர் சூட்டின் மேல் பழியைப் போட்டார். டிஸ்க் சூடானால் அப்படித்தான் செய்யுமாம். நோட்டீஸ் நேரே கூடத்துக்குப் போனார். மாமனார் சோபாவில் முழங்கால் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"மாமா, இதை ஒரு மணி நேரம் கடன் குடுங்க."

"எடுத்துக்குங்க மாப்பிள்ளை. உங்களுக்கும் முட்டி வலியா?"

விளக்கிச் சொல்ல நேரமில்லை. சொல்லித்தான் அவருக்கு என்ன புரிந்துவிடப் போகிறது? ஐஸ் பையைத் துண்டில் சுற்றி டிஸ்க் மேல் வைத்து நாலாவது காப்பியை ஆரம்பித்தார். பையிலிருந்து தண்ணீர் கசிந்து மேஜையில் ஓடியது. துணி எடுக்க ஓடினார். கொடியில் காய்ந்த துணியைத் தேடி உருவிக்கொண்டு வந்து சுவிட்சைத் தட்டினால், ஐம்பத்திரண்டில் எரர். மேஜையிலிருந்த ஈரம் இப்போது நாற்காலியிலும்.

மணி இரண்டு. மனைவி அலுவலகத்திலிருந்து போன் செய்து எல்லாம் முடிந்ததா என்று கேட்டாள். முடிந்த மாதிரிதான் என்றார். இவர் மாதிரி என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது அவளுக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். போனை வைத்துவிட்டாள்.

ஐந்தாவது தடவை டிஸ்கை லேப்டாப்பின் வேறொரு துளையில் செருகினார். அறுபதைத் தாண்டியது. பக்கத்திலேயே நின்று பார்த்தார். எழுபது. கை பரபரத்தது. எழுபத்தெட்டு. இனி பயமில்லை என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு வரலாமென்று போனார். அவர் பால்கனியில் பேசி முடித்து வருவதற்குள் எண்பத்தொன்றில் எரர்.

மறுபடி பால்கனி, மறுபடி போன். கடைக்காரர் இப்போது பெருமூச்சு விட்டார். "சார், டிஸ்க் மேல தப்பில்ல. லேப்டாப்தான் போகப்போகுது. இன்னும் ஒரு தடவை ஓடினாலே பெரிசு."

படம் இருப்பது அந்த லேப்டாப்பில் மட்டும்தான். அது போனால் மகளுக்கு இடமும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு. வேற எதுவும் பண்ணாதீங்க என்றவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? அழுகை வரும்போல இருந்தது.

மணி மூன்று பத்து. காப்பிக்கு நாற்பது நிமிஷம், கல்லூரிக்கு இருபத்தைந்து நிமிஷம். ஆறாவது முறை பட்டனை அழுத்தினார். அதற்குள் சட்டை மாற்றவேண்டும், டாக்சி பிடிக்கவேண்டும். வேறு வழியில்லாமல் மாமனாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அந்த நீல விளக்கைப் பார்த்துட்டே இருங்க மாமா. அணைஞ்சா ஒரு குரல் குடுங்க. எங்கயும் எழுந்து போயிடாதீங்க."

மாமனார் ஈர நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தார். நோட்டீஸ் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக் கழற்றினார். நாலு தடவை எட்டிப் பார்த்தார். நாற்பது, அறுபத்தைந்து, எண்பத்தொன்று, தொண்ணூற்றாறு.

நூறு.

டிஸ்கிலிருந்து படத்தை ஓட்டிப் பார்த்தார். மகள் வரைந்த குருவி வேலியிலிருந்து எழும்பிப் பறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிஸ்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். கீழே டாக்சி ஹாரன் அடித்தது. செருப்பைப் போட்டவருக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"காலையிலேருந்து அஞ்சு தடவை நின்னுபோச்சு மாமா. நீங்க உக்காந்ததும் ஒரே மூச்சுல முடிஞ்சுது. அப்படி என்னதான் பண்ணீங்க?"

மாமனார் மெல்ல எழுந்து தத்தித் தத்தி வாசலுக்கு வந்தார். அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சுவிட்சை அணைத்தார். விளக்கு, மின்விசிறி, டிஸ்கின் பிளக்கில் எரிந்த சிவப்பு விளக்கு எல்லாம் ஒன்றாக அடங்கின.

"நான் என்ன பண்ணேன் மாப்பிள்ளை? அஞ்சு தடவையும் நீங்க வெளிய போனதும் உங்க நோட்டீஸ்படி வந்து அணைச்சேன், இந்தத் தடவை ரூம்ல நானே இருந்தேனே, எப்படி அணைக்கறது?"