தாம்பூலத்தில் போன நிலா

கொலுவுக்கு வந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதுதான். அதற்காக இரவல் பொருளை எடுத்துக் கொடுப்பது கொஞ்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சான் ரமோனில் எங்கள் பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண்மணி மிச்சிகோ, தன் அம்மாவின் அரக்குப் பெட்டியை என் கொலுவில் வைக்கத் தந்திருந்தார். கறுப்பு மூடியில் தங்க நாணல், வெள்ளி நிலா. நாணலுக்குள் ஒரு கவிதையின் எழுத்துகள் ஒளிந்திருந்தன. நிலா என்ற சொல்லை மட்டும் எழுதவில்லையாம். அந்த இடத்தில் நிலாவே இருக்கிறதாம். அவர் சொன்ன இந்த விளக்கத்தை வந்தவர்களிடமெல்லாம் நானே கவிதை எழுதிய மாதிரி அளந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ரிட்டர்ன் கிஃப்டுக்கும் கறுப்பில் தங்கப்பூ போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கியிருந்தேன். (இந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்குத்தான் வரும்!) வசந்தா ஆன்ட்டிக்குக் காட்ட நிஜப் பெட்டியைக் கொலுவிலிருந்து எடுத்தவள், அவற்றின் பக்கத்தில் வைத்தேன். பேச்சு சுவாரசியத்தில் அதிலேயே வெற்றிலை, பாக்கு, ரவிக்கைத் துணி போட்டு அவர் கையில் கொடுத்தும்விட்டேன்.

மறுநாள் காலியான கொலுப்படியைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஆன்ட்டிக்குப் போன் போட்டேன்.

"அந்த பிளாக் பாக்ஸா? காலையிலதான் பிளசன்டன் கீதாவுக்கு வச்சுக் குடுத்தேன். உன் பிளவுஸ் பிட்டோட அப்படியே!"

அன்று மாலை கீதா வீட்டுக் கொலு. மிச்சிகோவைக் கூட்டிப் போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். காரில் அவர், "பெட்டியை மெதுவா திருப்பிக் குடு, அவசரமில்ல. அம்மா ஞாபகமா அது ஒண்ணுதான் இருக்கு, உங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றார் ஆங்கிலத்தில். ஃப்ரீவே முழுக்க ஊர்த் தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன்.

கீதாவைத் தனியாக இழுத்துக் கேட்டுவிடலாம் என்று பார்த்தால், அவள் சுண்டலைத் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் ஓடினாள். கிளம்பும்போது எனக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம். மிச்சிகோவுக்கு?

"ஆன்ட்டி, ஜாப்பனீஸ் ஸ்டைல்! உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்."

மிச்சிகோ பெட்டியைப் பார்த்தார். திறந்து ரவிக்கைத் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுண்டலைப் பார்த்தேன்.

அவர் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்து கார்க் கதவைச் சாத்தியதும் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கம்மா வீட்டை விட்டு வெளியிலயே போக மாட்டாங்க. அவங்க பெட்டியாவது நாலு வீடு பார்த்துச்சே!" என்றார். நான்தான் அழுதேன்.

அந்த ரவிக்கைத் துணிதான் இன்றும் பெட்டிக்கு உறை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அதில் சுற்றித்தான் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். என் கையில் கொடுக்கும்போது, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தை மறக்காமல் சொல்வார்:

"வச்சுக் குடுத்துடாதே!"