டைட்டானியத்தாரின் தொடைக் கம்பி

தன் உடம்பைவிட, உடம்புக்குள் இருந்த கம்பியை அதிகம் நேசித்த மனிதர் திருப்பூரிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டைட்டானியத்தார்.

மங்கலம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு அவர் குடோன் இன்சார்ஜ். அவிநாசிபாளையம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்ததில், உள்ளே டைட்டானியக் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ஒழிந்தது.

பத்தாம் வகுப்பு அறிவியலோடு சண்டை போட்டுப் பள்ளியை விட்டவர், ஆஸ்பத்திரியிலிருந்து உலோகப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். படுக்கையில் கிடந்தபடி போனில் பார்த்த வீடியோக்கள்தான் படிப்பு. டைட்டானியத்தோடு அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த கலவை, எஃகின் பலம், ஏறக்குறைய பாதி எடை, விமானத்தில் இதுதான், ராக்கெட்டில் இதுதான் என்று டீ நேரம் முழுக்க ஓதுவார். இனி வரப்போகும் கலவைகளில் நிட்டிங் ஊசி செய்தால் பேரன் காலத்திலும் உடையாதாம். காதர்பேட்டைக்குச் சரக்கெடுக்க வந்த வடநாட்டு வியாபாரியையும் அவர் விடவில்லை. அந்த மனிதர் டைட்டானியம் என்பது ஏதோ புதுத் துணி ரகம் என்று நினைத்து விலை கேட்டார்.

பேச்சோடு நின்றாலாவது பரவாயில்லை. செயல்முறை விளக்கமும் உண்டு. துணி மூட்டை பேல் நகரவில்லையா, அந்தக் காலால் ஓர் உதை. பைக் கிளம்பவில்லையா, அதற்கும் உதை. ஒருநாள் குடோன் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியே கண்டெய்னர் நிற்கிறது. மெக்கானிக் வரட்டும் என்றேன்.

"ஏனுங்க, ஏரோப்பிளேன் சாமானை உள்ள வெச்சுக்கிட்டு மெக்கானிக்குக்குக் காத்திருக்கோணுமுங்களா?" என்றவர், ஓங்கி உதைத்தார்.

ஷட்டர் திறந்தது. கம்பி முடியும் இடத்தில், முழங்காலுக்கு மேலே, எலும்பு முறிந்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் திட்டிக்கொண்டிருக்க, ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, கம்பி அப்படியே இருக்குதுங்க."

எலும்பு அவரைப் பொறுத்தவரை மட்டமான சரக்கு. கடவுள் மெட்டீரியல் வாங்கிய இடத்தில் ஏமாந்துவிட்டார், அவ்வளவுதான். இப்படி ஓர் அறிவாளியைப் பார்த்ததே இல்லை என்று கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

போன மழைக்காலத்தில் ஈரப் படியில் வழுக்கி விழுந்தேன். எனக்கும் தொடை எலும்புதான். ஆஸ்பத்திரியில் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். பயத்தில் கையெழுத்துப் போட மறுத்து, நாட்டு வைத்தியரின் எண்ணெய்க் கட்டு போதும் என்று அடம்பிடித்தேன். மனைவி கெஞ்சியும் கேட்கவில்லை. டைட்டானியத்தார் கதவருகே தெரிந்ததும், சொற்பொழிவுக்குப் பயந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"மொத ஆபரேசனுக்கு முந்தி நான் அழுதுட்டனுங்க. இனி நடக்கவே மாட்டனோன்னு. ஊட்டுல கூடச் சொல்லலீங்க. நீங்களும் அழுவறதுன்னா அழுதுக்குங்க. நான் ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

அழுதேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து என் நடையைக் குறை சொல்கிறார். அவர் வரத் தாமதமானால், வாசலுக்கும் தெருமுனைக்குமாக நானே நடந்துகொண்டிருக்கிறேன்.