ஒரு நேயர் தேவை

"அன்பான நேயர்களே, நீடிய பொறுமை என்பது..." என்று போதகர் இன்னாசிமுத்து மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது.

"எவன்டா அவன்!" என்றார் போதகர், மைக்கிலேயே.

ஆல்பின் பதிவை நிறுத்தினான். "ஐயா, பொறுமை..."

"பொறுமையைப் பத்திப் பேசுறதுக்கு இம்புட்டுப் பொறுமை வேணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு தம்பி."

அவனியாபுரத்துச் சந்துக்குள் இருந்த அந்த ஒலிப்பதிவு அறைக்கு ஆல்பின்தான் எல்லாம். பதிவு செய்பவனும் அவன்தான், இருமலை வெட்டி எடுப்பவனும் அவன்தான், காலையில் கூட்டிப் பெருக்குபவனும் அவன்தான். அங்கே தயாராகும் 'அதிகாலை அப்பம்' என்ற சுவிசேஷ நிகழ்ச்சி தினமும் விடியற்காலையில் கால் மணி நேரம் வானொலியில் வரும். பேசுபவர் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற இன்னாசிமுத்து. இருவரும் பல வருஷங்களாகக் காற்றிலே அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

தெருக்காரர்களுக்கோ அது வெறும் 'ஸ்டூடியோ'. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க மாதத்துக்கு நாலு பேராவது கதவைத் தட்டுவார்கள்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஸ்டீவ் போன் செய்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட சேதியைக்கூட ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிப்பவர்.

"ஸ்தோத்திரம் பிரதர். பொங்கல் வாரத்துக்கான நாலு நிகழ்ச்சியும் வியாழக்கிழமை கைக்கு வரணும். கூடவே மதுரை நேயர் ஒருத்தரோட சாட்சி வேணும். 'நான் தினமும் கேக்குறேன், எனக்குப் பிரயோஜனமா இருக்கு'ன்னு ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும்."

"கிடைக்கலேன்னா, சார்?"

"அந்த நேரத்தைக் கோயமுத்தூர்க்காரங்க கேக்குறாங்க. ஸ்தோத்திரம் பிரதர்."

நிகழ்ச்சி போனால் ஆல்பின் வேலையும் போகும். அதைவிட, இந்தச் சேதியைப் போதகரிடம் எந்த முகத்தோடு சொல்வது? அந்த மனிதருக்கு அந்தக் கால் மணி நேரம்தான் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகர் ஆலய வாசலில் நின்று வருவோர் போவோரையெல்லாம் மறித்தான். "ஆமென் தம்பி, அருமையான ஊழியம்!" என்று கையைக் குலுக்கினார் ஒரு பெரியவர். "ஆமா, அது எந்த ஸ்டேஷன்ல வருது?" டீக்கடைக்காரரையும் ஷேர் ஆட்டோ டிரைவர்களையும் கேட்டுப் பார்த்தான். ரேடியோ என்று ஒன்று இன்னும் இருக்கிறதா என்று அவர்கள் இவனைத் திருப்பிக் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அங்கே ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் பேச்சிமுத்துவும் அவர் மனைவி பாண்டிச்செல்வியும் இருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறும் வாசல் நிறைய வேப்பிலையுமாக இருக்கும் வீட்டில் போய் இதைக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

கடைசியில் வேறு வழியில்லாமல் போதகரிடம் சேதியைச் சொன்னான். "ஐயா, பேசாம என் வீட்டுக்காரி ஆன்சியக் குரல மாத்திப் பேசச் சொல்லிருவோமா?"

"பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு நானே போன வாரம்தான் தம்பி பேசிருக்கேன்" என்றார் போதகர். "அதை யாரும் கேக்கலேன்னாலும் நான் கேட்டேன்ல?"

சாட்சி கிடக்கட்டும், முதலில் நிகழ்ச்சிகளையாவது முடிப்போம் என்று பார்த்தால், பொங்கல் நெருக்கத்தில் பகலெல்லாம் தெருவில் ஒரே இரைச்சல். விடியற்காலை ஐந்தரைக்குப் பதிவு வைத்துக்கொள்வது என்று ஆல்பின் யோசனை சொன்னான். முதல் நாள் சாயங்காலமே அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தான்.

"அண்ணே, இந்த வாரம் மட்டும் விடியக்காலம் மோட்டார், ரேடியோ, மிக்ஸி எதையும் போடாம ஒத்தாசை பண்ணணும். சின்னச் சத்தம்கூட எங்க மைக்குல ஏறிரும்."

"அதுக்கென்ன தம்பி!" என்றார் பேச்சிமுத்து. "ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும், பாத்துக்கங்க."

சொன்ன சொல் தவறாத மனிதர். திங்கட்கிழமை விடியலில் தெருவே மூச்சடக்கிக் கிடந்தது. போதகர் கனிந்த குரலில், "அன்பான நேயர்களே, நீடிய பொறுமை..." என்றார்.

"ம்ம்ம்மாஆஆ!"

காளை. சத்தத்தைத் தடுக்க முட்டை அட்டை ஒட்டிய சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விடிந்து வெயில் ஏறும்வரை அது ஓயவும் இல்லை.

"ஏண்ணே கத்துது?"

"தெரியலையே தம்பி. நம்ம செவலை இப்படிக் கத்துற ஆளே இல்ல. பருத்திக்கொட்டைய வச்சா மொகத்தத் திருப்பிக்கிருது."

பசியென்றால் பழத்தைக் காட்டி அடக்கலாம் என்று ஆல்பின் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தொழுவத்துக்குப் போனான். செவலை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே முட்டில் பழத்தைச் சாணியிலும் அவனைத் தொட்டியிலும் தள்ளியது.

செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து கதவிலும் ஜன்னலிலும் சாத்திக் கட்டினான். காளைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. காற்றும்தான் குறைந்தது. "பொறுமையுள்ளவன்..." என்ற இடத்தில் போதகர் மேஜைமேல் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பிய பிறகு பதிவைப் போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள் விழுந்தவர் உதவிக்குக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

அன்று மாலை மறுபடியும் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒரே ஒரு நாள், காளைய எங்கயாச்சும் தள்ளிக் கட்ட முடியுமா?"

பேச்சிமுத்துவின் முகம் வாடியிருந்தது. "நானே நொந்துபோயிருக்கேன் தம்பி. ரெண்டு நாளாப் பட்டினி. வாடிவாசல்ல அவுத்துவிட இன்னும் ஒரு வாரம்கூட இல்ல. டாக்டரும் பாத்துட்டாரு, ஒரு நோயும் இல்லேங்குறாரு." பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோலத்தான் சொன்னார். ஆல்பினுக்கே பாவமாகிவிட்டது. இருந்தாலும் காளை தெருக்கோடிப் பொட்டலுக்குப் போனது.

புதன்கிழமை விடியலில் சத்தம் தூரத்தில் மெலிதாகத்தான் கேட்டது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று போதகர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஏ.சி. உயிரை விட்டது. செவ்வாய்க்கிழமை பட்ட பாட்டில் அவர் மூடிய அறைக்குள் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தார்கள்.

"அன்பான நேயர்களே, நீடிய பொறுமை என்பது..."

பொட்டலில் கத்தல் சட்டென்று நின்றது. தடைதான் நீங்கிவிட்டதே என்று போதகர் குரலை உயர்த்தினார். மூன்று நாளாகத் தொண்டையில் சிக்கியிருந்த செய்தி மடை திறந்து கொட்டியது. பாதியில் தெருவில் தடதடவென்று ஏதோ ஓடிவரும் ஓசை. ஆல்பின் ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால், வாசலில் செவலை நின்றிருந்தது. அறுத்த கயிறு கழுத்தில் தொங்கியது. கொம்பு இரண்டும் கதவளவு அகலம்.

ஆல்பின் மேஜைக்கு அடியில் போய்விட்டான். போதகருக்குக் குனிகிற முதுகில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பேசாம இருங்க, அசையாதீங்க!"

பேசாமல் இருக்கத்தான் அவருக்கு வராதே. "சிங்கக் கெபியிலே தானியேலைக் காத்த தேவனே!" என்று உரத்த குரலில் ஆரம்பித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தார். செவலை ஒரு அடி வைத்தது. இன்னும் ஒரு அடி வைத்தது. மைக்குக்கு எதிரில் வந்து நின்று, காதை ஆட்டி, நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டது. பிறகு சாவகாசமாக மடங்கிப் படுத்து, பக்கத்தில் கிடந்த மெத்தையைப் பிரித்து உள்ளிருந்த பஞ்சைத் தின்ன ஆரம்பித்தது.

போதகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "தம்பி, பாத்தியா? கொலைகாரக் காளைய ஆட்டுக்குட்டி ஆக்கிட்டாரு கர்த்தர்! நேயர் எதுக்கு, இதுதான் சாட்சி! பதிவு ஓடுதா?"

"ஓடுதுங்கய்யா!" மேஜைக்கு அடியிலிருந்து ஆல்பின் பதில் சொன்னான். அவனுக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. வேலை பிழைத்தது, நிகழ்ச்சியும் பிழைத்தது. கோயமுத்தூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்குள் பருத்திக்கொட்டை வாளியோடு பாண்டிச்செல்வி மூச்சிரைக்க ஓடிவந்தாள். காளை தின்பதைப் பார்த்ததும் வாளியை அதன் முன்னால் வைத்தாள். செவலை வாளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அக்கா, இதை அப்படியே மைக்குல சொல்லுங்க" என்று ஆல்பின் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து மைக்கை அவள் முன்னால் நீட்டினான். "மூணு நாளாத் தின்னாத காளை இப்ப எப்படித் தின்னுதுன்னு நீங்களே சொல்லுங்க. சென்னை வரைக்கும் கேக்கும்."

போதகர் தலை குனிந்து, கைகூப்பி, மகிமைக்குத் தயாராக நின்றார். பாண்டிச்செல்வி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கமுங்க. எங்க செவலைக்குக் கன்னுக்குட்டியிலருந்தே ஒரு பழக்கம், விடியக்காலம் ரேடியோவுல அப்பம்னு ஒரு ஐயா பேசுவாருல்ல, அவரு குரலைக் கேட்டாத்தான் தீனியில வாய வைப்பான். இந்தத் தம்பி ரேடியோ போடக் கூடாதுன்னு சொன்னதுலருந்து பட்டினியாக் கெடந்தவன், போட்டோ ஸ்டூடியோக்கார ஐயா குரலும் அச்சு அசல் அவரு மாதிரியே இருக்கவும், பாவம், ஏமாந்து ஓடியாந்துட்டான்."