என்ஜி போட்ட ஓகே

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ கம்பெனிகள் என்னென்னவோ தயாரிக்கின்றன. என்ஜியைப் போல இன்னொருவனை மட்டும் யாராலும் தயாரிக்க முடியாது.

பழுதான பீஸ் மேல் சிவப்பு மையில் ‘என்ஜி’ என்று எழுதிக் கழிப்பதுதான் எங்கள் லைனில் அவன் வேலை. ‘நாட் குட்’டின் சுருக்கம்; அதுவே அவன் பெயராகவும் ஆகிவிட்டது. ஷிப்ட் முடிந்தாலும் அவன் வாய் சும்மா இருக்காது. கேன்டீன் இட்லி என்ஜி. சூப்பர்வைசர் மீசை என்ஜி, இடப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாம். திருநெல்வேலிக்குப் பெண் பார்க்கப் போனவன், அந்த வீட்டுச் சுவர் சாய்வாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

அப்படிப்பட்டவன் அதுவரை ஓகே சொன்னது ஒன்றே ஒன்றுக்கு. தெற்கு வானத்தில், ஐந்து கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் ஒரு கேலக்ஸிக்கு.

“நடுவுல ஒரு பார் இருக்கும்லே” என்று மொபைலில் படம் காட்டினான்.

“பாரா? நம்ம ரோட்லயே நாலு கீது மச்சி. அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்?” என்றேன்.

“ஏ மூதி, வெளிச்சத்துல ஒரு கம்பிலே! ரெண்டு முனையிலயும் கை மாதிரி வளைஞ்சு போவுது பாரு. இதுல ஒரு குறை சொல்லு பாப்போம்!”

அதைத் தன் கண்ணால் பார்த்தே தீருவதென்று, மண்ணூரில் அவன் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து டெலஸ்கோப்புக்கான கண்ணாடியைக் கையாலேயே தேய்த்தான். எட்டு மாதம். தன் கண்ணாடிக்கே மூன்று முறை என்ஜி போட்டு மறுபடி தேய்த்தான்.

ஒருவழியாகத் தேறியது. சென்னையில் அலுமினியப் பூச்சு போட வேண்டும். ஷிப்ட் முடிந்து நேரே போய்விடலாமென்று, செக்யூரிட்டியைக் கெஞ்சி, கண்ணாடிப் பெட்டியோடு ராத்திரி ‘சி’ ஷிப்டுக்கு வந்தான். காலையில் அதை லைன் டேபிளுக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

காலை ‘ஏ’ ஷிப்டுக்கு வந்தவன் நான். அன்றைக்கு ஆடிட் வேறு; கழித்த பீஸ் எதுவும் லைனில் கிடக்கக் கூடாது. பெட்டி மேல் சிவப்பு மையில் ‘என்ஜிசி 1365’ என்று இருந்தது. அந்த கேலக்ஸியின் பெயராம். எனக்கென்ன தெரியும்? ‘சி’ ஷிப்ட் கழித்த என்ஜி, 1365 பீஸ் என்று படித்தேன். அத்தனை சின்னப் பெட்டியில் அவ்வளவு எப்படி அடங்கும் என்றுகூட யோசிக்கவில்லை. திறந்தும் பார்க்காமல், நொறுக்கும் மெஷினுக்கு அனுப்பிவிட்டேன்.

அவன் ஓடி வந்து, மெஷின் வாயில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதலே. சிவப்பு மையில எழுதுனது நாந்தானே? லேபிள்தாம்லே என்ஜி. நீ ஓகே.”

இரண்டே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அவன் நம்பரும் மாறிவிட்டது. ஆயிரக்கணக்கான பீஸ் பார்த்த அந்தக் கண், ஒன்றே ஒன்றைத் தப்பாகப் பாஸ் பண்ணிவிட்டது. என்னைத்தான்டா, என்ஜி.