சம்பந்தத்தின் ஆளி விதை வைத்தியம்

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா முழுங்குங்க," என்றாள் செல்லியம்மாள்.

டம்ளருக்குள் ஊறிய ஆளி விதை கொழகொழவென்று கிடந்தது. சம்பந்தம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்து, யாருக்கும் பயப்படாமல் வாழ்ந்த மனிதர். கொலஸ்ட்ரால் இருநூற்று நாற்பது என்று டாக்டர் எலியேசர் சொன்ன நாளிலிருந்து ஒரு ஸ்பூன் விதைக்கு நடுங்குகிறார்.

"இருநூறுக்குக் கீழ வர்ற வரைக்கும் இந்த வூட்ல மீன் கெடையாது," என்று சட்டம் போட்டிருந்தாள் செல்லியம்மாள். "உங்களுக்கு இல்லாத மீன் எனக்கு மட்டும் எதுக்கு? நானும் தொட மாட்டேன்."

சம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வஞ்சிர வறுவல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையா! அதைத் தனக்காக விட்டாளே, மகராசி.

ஆனால் விதை தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது. "வறுத்து, மிளகாய் வச்சுப் பொடி பண்ணிக் குடேன்," என்றார்.

பொடி பிரமாதம். பொடிக்கு நல்லெண்ணெய் வேண்டும், நல்லெண்ணெய்க்கு இட்லி வேண்டும். மூன்று இட்லியோடு எழுந்துகொண்டிருந்தவர் எட்டு இட்லிக்குப் போனார்.

அடுத்த டெஸ்டில் இருநூற்று அறுபது.

"விதை பத்தல போல," என்று தீர்மானித்தார் சம்பந்தம்.

இன்னும் அதிகமாக உள்ளே தள்ள என்ன வழி? வெல்லம் போட்டு உருண்டை பிடித்தால் ஆயிற்று. நெய் இல்லாமல் உருண்டை நிற்குமா? முந்திரி இல்லாத உருண்டைக்கு மரியாதைதான் உண்டா? கல்லாப் பக்கத்தில் ஒரு டப்பா, டி.வி. பக்கத்தில் ஒரு டப்பா என்று வைத்தியம் அமோகமாக நடந்தது.

மூன்றாவது டெஸ்டுக்குச் செல்லியம்மாளும் கூடவே ரத்தம் கொடுத்தாள். இவருக்கு இருநூற்றுத் தொண்ணூறு. அவளுக்கு நூற்று அறுபது!

"விதை மேல தப்பில்ல சார். அதுக்குத் துணையா அனுப்புறீங்களே நெய்யும் எண்ணெயும், அதுங்க மேலதான்," என்றார் டாக்டர். "பேசாம உங்க மிஸஸ் என்ன சாப்பிடறாங்களோ, அதையே நீங்களும் சாப்பிடுங்க."

சம்பந்தத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டின பாவத்துக்கு வாயைக் கட்டிக்கொண்டு ஒருத்தி கிடக்க, தான் முந்திரி உருண்டையா தின்றுகொண்டிருந்தோம்? நாளையிலிருந்து வெறும் விதைதான் என்று சாமி மேல் சத்தியம் செய்துகொண்டார். அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நேராக ஜங்ஷன் ஓரம் கூடை வைத்திருந்த மீன்காரி குப்பம்மாவிடம் போனார்.

"நல்ல வஞ்சிரமா ரெண்டு துண்டு போடு குப்பம்மா. எனக்கில்ல, எங்க வூட்டம்மாவுக்கு. பாவம், எனக்காக மாசக்கணக்கா மீன வாயில வைக்கல."

குப்பம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சார் சொல்ற? அக்கா தெனம் வாங்குதே! உனக்கு இப்பல்லாம் மீன் வாடையே ஆவறதில்லன்னு சொல்லிச்சு. அதனாலதான தெனம் காலைல நீ கடைக்குக் கெளம்பற வரைக்கும் உங்க தெருமொனைல கூடையோட காத்துகினு கீறேன்!"