என் குரல்வளைக்கு விடுமுறை

அந்தக் கோடை விடுமுறையில் நான் ஊமையாகிவிடுவது என்று தீர்மானித்தேன். காரணம், என் மைத்துனன் சௌரிராஜன்.

சௌரிக்குப் பொன்மலை ரயில்வே ஆபீசில் உத்தியோகம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீடு இருக்கும்போது வேறெங்கே தங்குவான்? ஆள் தங்கம். தொண்டைதான் தகரம். பாட்டு கற்றுக்கொள்கிறான். கோழிக்கு முன்னால் எழுந்து ஸாதகம் செய்வான். அவன் மேல் ஸ்தாயிக்குப் போனால் கொல்லையில் பசு கன்றைத் தேடும். எங்கள் வீட்டில் அவனுக்கு ஒழித்துத் தரக்கூடிய அறை ஒன்றுதான். நான் படுத்துத் தூங்கும் முன் அறை.

'வேண்டாம்' என்று என் மனைவி குமுதவல்லியிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஆனால் சௌரி மரியாதைக்காரன். "அத்திம்பேர் தன் வாயால 'இரு'ன்னு சொன்னாத்தான் இருப்பேன்" என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது. வாயே இல்லையென்றால்?

நான் திருச்சியில் ஹைஸ்கூல் வாத்தியார். சரீர சாஸ்திரம் நடத்துகிறவன். பேச்சு எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நுரையீரல் காற்றை மேலே தள்ளும். குரல்வளையில் இரண்டு சதை மடிப்புகள் சேர்ந்து அதிரும். சத்தம் கிளம்பும். அதை நாக்கும் உதடும் மூக்கும் பங்கு போட்டுக்கொண்டு எழுத்தாக்கும். வகுப்பில் நடத்துவதற்கு முன் குமுதவல்லியிடம் ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். அவள் கீரை ஆய்ந்துகொண்டே தொண்டையில் விரலை வைத்து 'ம்' என்று சொல்லிப் பார்ப்பாள். "அதிரறது" என்பாள். 'ஸ்' என்பாள். "இப்ப அதிரலை" என்பாள். மறுபடி கீரைக்குப் போய்விடுவாள். அத்தோடு மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'குரல்வளை வீக்கம். சத்தமே எழும்பவில்லை. கிசுகிசுத்தாலும் கெடுதல்.'

"அடடா, வலிக்கறதா?" என்றாள்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"சாத்தமுது இறங்குமா?"

அசைத்தேன்.

"வடை?"

வேகமாக அசைத்தேன்.

"வீக்கம் வடைக்கு வழி விடறதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மிளகாய் வறுத்தாள். ஒரு கை அதிகமாகவே போட்டு வறுத்தாள். நெடி முன் அறைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இருமினேன். வீதியில் போன ஜட்கா குதிரை திரும்பிப் பார்க்கும்படி, கணீரென்று இருமினேன். இருமி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மடிப்புகள் சேரவில்லையென்றால் இருமலும் வெறும் காற்றாகத்தானே வரவேண்டும்? குமுதவல்லி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போய் மிச்சத்தை வறுத்தாள். இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சௌரி வந்தான். கையில் பெட்டி இல்லை. என் சம்மதம் கிடைத்த பிறகு ஸ்டேஷனிலிருந்து எடுத்து வருவானாம். பார்த்ததும் எனக்கே பாவமாக இருந்தது.

"அத்திம்பேர், நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான்.

"அவருக்குத் தொண்டை கட்டிண்டிருக்குடா," என்றாள் குமுதவல்லி. "ஜாடையா சொல்லுவார். நான் உனக்கு எடுத்துச் சொல்றேன்."

சிலேட்டைத் தேடினேன்.

"அதை மோர்ப்பானைக்கு மூடியா வச்சிருக்கேன்" என்றாள்.

வேறு வழியில்லாமல் தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டினேன்.

"பார்த்தியா? 'இதையெல்லாம் கேக்கணுமா என்ன'ங்கறார்."

இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினேன்.

"முன் அறை முழுக்க உனக்கே உனக்குத்தானாம்."

கைகளை மடியில் போட்டுக்கொண்டேன். இன்னும் ஆட்டினால் நான் உட்கார்ந்திருந்த ஊஞ்சலும் அவனுக்குப் போய்விடும்.

இனிப் பொறுப்பதில்லை என்று வாயைத் திறந்தேன். நுரையீரல் நிறையக் காற்று. மடிப்புகள் தயார். 'வே' என்று சொல்லக் கீழுதடு மேல்பல்லைத் தொட்டுவிட்டது. குமுதவல்லி கஷாய டம்ளரை என் இரண்டு கைகளிலும் திணித்து, காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "இப்ப பேசினேள்னா, இத்தனை நாளா குரல் எங்கே போச்சுன்னு அவன் கேப்பான்."

உதட்டைப் பல்லிலிருந்து எடுத்து டம்ளரில் வைத்துக்கொண்டேன்.

சௌரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பேச முடியாதப்போகூட எனக்காக எத்தனை பாடுபடறார் பாரு அக்கா" என்று சொல்லிவிட்டுப் பெட்டி எடுக்கப் போனான்.

"இனிமே பேசலாம்" என்றாள் குமுதவல்லி.

"எப்படிடீ தெரிஞ்சுது?"

"சத்தமே எழும்பாதவர் இருமினா மட்டும் சத்தம் எப்படி வரும்? நீங்க நடத்தின பாடம்தானே."

என் வாத்தியார் தொழிலில் இவ்வளவு நன்றாகப் படித்த மாணாக்கர் யாரும் இல்லை. பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"சரி, நாளைக்கே அவன்கிட்ட நன்னாப் பேசிடறேன்" என்றேன்.

"கூடாது. ஒரே நாள்ல குரல் வந்தா சந்தேகப்படுவான். ஒரு மாசம் போகட்டும், கொஞ்சம் கொஞ்சமா வரட்டும். அதுவரைக்கும் விடியக்காலம் அவன்கூட உட்காருங்கோ. அவனோட ஸ்ருதிப்பெட்டிக்குத் துருத்தி அமுக்க ஆள் இல்லையாம்."

இப்போதெல்லாம் விடியற்காலையில் சௌரி பாடுகிறான். காற்று மட்டும் என்னுடையது.