செண்பகவல்லியின் சீக்குச் செடி

ஒரு காட்டில், மனைப்பட்டா கொடுத்துப் பத்து வருடமாகியும் குடிநீர்க் குழாய் வராத ஒரு குடியிருப்பில், செண்பகவல்லி என்ற முள்ளம்பன்றி வசித்துவந்தாள். வளை வாசலில் ஒரு செம்பருத்தி வைத்திருந்தாள். சாதாரணச் செம்பருத்தி இல்லை. இலை ஒவ்வொன்றிலும் பச்சையோடு வெள்ளையும் ரோஸும் திட்டுத்திட்டாக இருக்கும். வெள்ளையடிக்க வந்தவர் பிரஷ்ஷை உதறிவிட்டுப் போனதைப்போல. நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து நட்டு, மக்கிய சாணம் போட்டு, பெற்ற பிள்ளையாக வளர்த்தாள்.

செடி மொட்டு வைத்தது. அங்கேதான் சனி பிடித்தது.

செம்பருத்திப் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும். அந்த ஒரு நாளையும் செண்பகவல்லியால் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் கோதண்டம் என்ற குரங்கு பாலிதீன் பையோடு வாக்கிங் கிளம்பிவிடுவார். நடப்பது சும்மா ஒரு சாக்கு. வழியிலுள்ள வேலிகளிலெல்லாம் பூப் பறிப்பதுதான் அவருடைய உடற்பயிற்சி. கேட்டால், "சாமிக்குத்தானே" என்பார். தண்ணீர் ஊற்றுவது இவள், புண்ணியம் அவருக்கு. அவர் நகர்ந்ததும் கரடி வந்து, தலைக்கு அரைத்துத் தேய்க்க இலை உருவுவார். அவருக்குத் தலைமுடி எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாததால் இலை நிறையத் தேவைப்பட்டது.

ஒரே ஒரு பூவாவது செடியிலேயே விரிந்து செடியிலேயே சுருள்வதைப் பார்த்துவிட வேண்டும். செண்பகவல்லிக்கு அதைத் தவிர வேறு ஆசையில்லை.

ஒருநாள் கோதண்டம், "ஒரு கொம்பு ஒடிச்சுக்கிறேம்மா, வீட்ல வைக்கலாம்னு" என்றார்.

"ஏற்கெனவே மொட்டையா நிக்குதுண்ணே. மழை வரட்டும், நானே பதியன் போட்டுத் தர்றேன்."

கோதண்டத்தின் முகம் சுருங்கிவிட்டது. நேரே செடிநல அலுவலகத்துக்குப் போய், 'இலையெல்லாம் வெள்ளை. மாவுப்பூச்சி. காட்டுக்கே பரவும்' என்று புகார் எழுதிப்போட்டார். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் செடி வேரோடு பிடுங்கப்படும்.

பதறியடித்துக்கொண்டு ஓடினாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஆமை. அவர் ஓரடி நகர்ந்து முடிப்பதற்குள் சாப்பாட்டு இடைவேளை வந்துவிட்டது. பின்னால் நின்ற முயல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, குத்துது" என்று முணுமுணுத்தபடியே இருந்தது. சாயங்காலம் ஜன்னலைத் தொட்டாள். உள்ளே அதிகாரி நாரை ஒரு படிவத்தை நீட்டினார். 'இலையின் நிலை' என்பதற்கு எதிரே இரண்டே கட்டங்கள்: பச்சை, நோய்.

"சார், இது நோயில்ல. பொறப்புலயே இதுக்கு நிறம் இப்படித்தான்."

"பச்சைன்னு டிக் அடிச்சா பொய்த் தகவல். நோய்னு அடிச்சா பிடுங்கணும். மூணாவது கட்டம் இல்லியேம்மா."

செண்பகவல்லிக்கு அழுகை முட்டியது. உடம்பெல்லாம் முள் சிலிர்த்து, மேசையிலிருந்த இரண்டு ஃபைல்களைக் குத்தித் தூக்கிவிட்டது. நாரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"சரி சரி, அழாதீங்க. நோய்னு போட்டு, சிகிச்சையில் இருக்குன்னு சீல் வெச்சுத் தர்றேன். பிடுங்க மாட்டாங்க. போர்டு மட்டும் மாட்டணும், மூணு மாசத்துக்கு."

'நோயுற்ற செடி. சிகிச்சையில் உள்ளது. தொடாதீர்.' நல்ல செடிக்கு இப்படியொரு பெயரா என்று கூனிக்குறுகித்தான் அந்த போர்டை மாட்டினாள்.

மறுநாள் காலை கோதண்டம் வந்தார். போர்டைப் படித்தார். "ஐயையோ, நான் எழுதினது நிஜமாவே நிஜமா!" என்று கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே ஓடினார். கரடி தலையைச் சொறிந்தபடி எதிர்ப்பக்கமாக நடந்துவிட்டார்.

பூ விரிந்தது. நல்ல சிவப்பு. செண்பகவல்லி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில் அது நிதானமாகச் சுருண்டபோது அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அன்றிலிருந்து செடி தினமும் பூத்தது.

மூன்று மாதம் முடிந்து நாரை சோதனைக்கு வந்தார். செடியின் அடியில் கொழுகொழுவென்று ஒரு புதுக்கிளை. அதில் அத்தனை இலையும் முழுப்பச்சை.

"வாழ்த்துக்கள்மா! குணமாகிட்டு வருது. இன்னிக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரல. நாளைக்கு வந்து போர்டைக் கழட்டிக்கறேன்."

வேலிக்கு அப்பால் கோதண்டம் பாலிதீன் பையை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வகைச் செடிகள் இப்படித்தான் அவ்வப்போது வெறும் பச்சைக் கிளை விடும். வெட்டாமல் விட்டால் அதுவே மளமளவென்று வளர்ந்து, நிறமுள்ள கிளைகளை அமுக்கிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் அடியோடு வெட்டிவிடுவார்கள். செண்பகவல்லிக்கு அந்த விஷயமெல்லாம் தெரியாது. கோதண்டத்தைத் தெரியும். நாரை தெருமுனை திரும்பியதும் பச்சைக் கிளையை அடியோடு கடித்து, தடயமில்லாமல் தின்றுவிட்டாள்.

மறுநாள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்த நாரை திகைத்துப்போனார். முழுப்பச்சையாக ஓர் இலைகூட இல்லை.

"என்னம்மா, ஒரே நாள்ல இப்படி முத்திருச்சே!"

"என் தலையெழுத்து சார்" என்று வாயை மூடிக்கொண்டே விசும்பினாள் செண்பகவல்லி. பல்லிடுக்கில் இன்னும் பச்சை ஒட்டியிருந்தது.

நாரை மனமிரங்கி, 'தீராத நோய், ஆயுள் முழுவதும் சிகிச்சை' என்று எழுதி, போர்டில் இன்னும் இரண்டு திருகாணிகளைக் கூடுதலாக முடுக்கிவிட்டுப் போனார்.

நீதி: நிம்மதியாகப் பூக்க வேண்டுமானால் நோயாளியாகவே இருங்கள், உடம்பு தேறுகிற அறிகுறி தெரிந்தால் அதை முளையிலேயே கடித்துவிடுங்கள்.